கேள்வி பதில்: பாடல் மாறும் இடம்

கேள்வி: கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த நடன நிகழ்ச்சியில் ஒரு டிஜே, பாடல் மாறுவதே தெரியாமல் இசைத்தார், அடுத்தவர் சட்டென்று வெட்டி மாற்றினார். எது சிறந்தது?
– வாசகர், திருவான்மியூர், சென்னை.

பதில்: இசை வகையைப் பொறுத்தது. நிமிடத்துக்கு 120 முதல் 130 துடிப்புகள் வரை ஓடும் ஹவுஸ் என்னும் மின்னணு நடன இசையில், இரு பாடல்களின் வேகத்தையும் சமமாக்கி, ஒன்றின் பேஸ் என்னும் தாழ்சுருதி ஒலியைத் தணித்த பிறகே மற்றதன் பேஸைத் திறந்து, இரண்டையும் நெடுநேரம் சேர்ந்தொலிக்க விடுவார்கள். இரு பேஸும் மோதினால் ஒலி குழம்பிவிடும். இத்தகைய தாளப் பொருத்தத்துக்கு, 1960களின் இறுதியில் நியூயார்க் டிஜே பிரான்சிஸ் கிராசோ முன்னோடி. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர டிஜே ஜெஃப் மில்ஸோ, மூன்று டர்ன்டேபிள்களில் (இசைத்தட்டுச் சுழற்றிகளில்) டெக்னோ என்னும் மின்னணு நடன இசைத்தட்டுகளை விரைந்து மாற்றிப் புகழ்பெற்றவர். வெட்டு, பெரும்பாலும் 16 அல்லது 32 துடிப்புகள் கொண்ட சுற்று முடியுமிடத்தில் விழ வேண்டும். என் விருப்பம் நீண்ட கலவையே. ஆயினும் பிழையை மறைக்க இடந்தராத வெட்டுக்கே துணிவு அதிகம் தேவை.