வருடத்துக்குக் கீழே பாருங்கள்: நாணயம் சேர்ப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

நான் ஒன்பதாவது படிக்கிறேன். நாணயம் சேர்க்க ஆசை. ஆனால் வீட்டில் அதற்கென்று பணம் தரமாட்டார்கள். எப்படி ஆரம்பிப்பது?
– ஒரு மாணவர், கரூர்

பணமே வேண்டாம் தம்பி. அம்மாவின் சில்லறை டப்பாவைக் கேட்டு வாங்கிக்கொள், எடுக்கிற காசுக்கு ஈடாக வேறு காசு போட்டுவிடு, அவ்வளவுதான். ஒரு இரண்டு ரூபாயை வெளிச்சத்தில் பிடித்து, வருடம் போட்டிருக்கும் இடத்துக்குக் கீழே பார். குட்டியாக ஒரு டைமண்ட் இருந்தால் அது மும்பையில் அடித்தது, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், ஒரு புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. ஒரே வருடத்துக் காசை நான்கு ஊர்க் குறியிலும் தேடிப் பார், எல்லா மின்டிலும், அதாவது நாணயம் அடிக்கும் ஆலையிலும், எல்லா வருடமும் எல்லாக் காசும் அடிப்பதில்லை என்பதால் உன் வரிசையில் சில இடங்கள் காலியாகவே இருக்கும், எது காலி என்று கண்டுபிடிப்பதே ஒரு வேலை.

அப்புறம் 1985-ஆம் வருட ஒரு ரூபாய் கையில் வந்தால் விட்டுவிடாதே. வருடத்துக்குக் கீழே 'எச்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில், ஹீட்டன் மின்டில் அடித்து இங்கே வந்தது. சில்லறைக்குத் திண்டாடிய காலம் அது, அதனால்தான் வெளிநாட்டில் அடித்தார்கள், நொய்டா மின்ட் 1988-இல்தான் வந்தது.

ஒரு சின்ன காந்தமும் வைத்துக்கொள். 1992 முதல் வந்த பழைய கனமான ஐந்து ரூபாய் செம்பும் நிக்கலும் கலந்தது, காந்தத்தில் ஒட்டாது. 2007-இல் வந்த ஸ்டீல் ஐந்து ரூபாய் டக்கென்று ஒட்டிக்கொள்ளும். 2009-இல் மஞ்சளாக மாறிய பிறகு மறுபடி ஒட்டாது.

யு.என்.சி. செட், ப்ரூஃப் செட் என்று விற்கிறார்களே, என்ன வித்தியாசம்? வாங்கி வைத்தால் விலை ஏறுமா?
– ஒரு வாசகர், மதுரை

யு.என்.சி. என்பது யார் கையிலும் புழங்காத காசு, மின்டிலேயே பேக் செய்து தருவது. ப்ரூஃப் வேறு ரகம். அச்சையும் காசுத் தகட்டையும் பளபளவென்று மெருகேற்றி, ஒருமுறைக்கு மேல் அழுத்தி அடிப்பார்கள், அதனால் பின்னணி கண்ணாடி மாதிரியும் உருவம் பனி படிந்த மாதிரியும் தெரியும். இரண்டையும் அரசு மின்டின் இணையதளத்திலேயே வாங்கலாம். ஒரு தலைவரையோ நிகழ்வையோ நினைவுகூர வெளியிடும் நினைவு செட்டில் வந்த 100 ரூபாய் பெரும்பாலும் 44 மில்லிமீட்டர் அகலம், 35 கிராம் எடை, அதில் பாதி வெள்ளி. போட்டிருக்கும் மதிப்பைவிடப் பல மடங்கு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

விலை ஏறும் என்று நம்பி வாங்காதீர்கள் என்பதுதான் என் பதில். உங்களுக்கு நெருக்கமான விஷயமாக இருந்தால் வாங்குங்கள். தஞ்சைப் பெரிய கோவிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு, 2010 என்று வருடம் போட்டு, 1,000 ரூபாய் நாணயமே வெளியிட்டார்கள், செட்டாக விற்றார்கள், நான் வாங்கவில்லை. அதே கோவில் படம் போட்ட ஐந்து ரூபாய் புழக்கத்துக்கும் வந்தது. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகிற பஸ்ஸில் கண்டக்டர் தந்த மீதிச் சில்லறையில் அது ஒன்று இருந்தது, விமானத்தின் அடுக்குகள் கொஞ்சம் தேய்ந்திருந்தன, அந்த ஊருக்கே போகிற வழியில் அது என் கைக்கு வந்தது. என் ஆல்பத்தில் அதற்குத்தான் முதல் பக்கம். காமராஜர், அண்ணா, 1995-இல் எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த திருவள்ளுவர் காசு எல்லாவற்றையும் சில்லறையிலேயே தேடலாம். பொறுமை வேண்டும், சரி, அதற்குத்தானே இந்தப் பழக்கம்.

என்னிடம் வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய் இருக்கிறது. போனில் ஒருவர் பல லட்சம் தருகிறேன், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள் என்கிறார். அனுப்பலாமா?
– ஒரு வாசகி, சேலம்

அனுப்பாதீர்கள் அம்மா, ஒரு ரூபாய்கூட. காசை வாங்குகிறவர்தான் உங்களுக்குப் பணம் தர வேண்டும், நீங்கள் எதற்கு அவருக்குக் கட்ட வேண்டும்? அது 2012 என்று வருடம் போட்டுப் புழக்கத்துக்கு வந்த நினைவுக் காசு, லட்சத்துக்கெல்லாம் போகாது. ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லிக் கமிஷன், வரி என்று கேட்பார்கள். அந்த மாதிரி வியாபாரத்தில் தனக்குச் சம்பந்தமே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது. அந்த எண்ணை பிளாக் செய்யுங்கள், காசைப் பத்திரமாக வையுங்கள்.

பத்து ரூபாய் நாணயத்தில் சிலது போலி என்று கடையில் வாங்க மறுக்கிறார்கள். உண்மையா?
– ஒரு வாசகர், விழுப்புரம்

காசில் சூரியக் கதிர் மாதிரி இருக்கும் கோடு பத்து இருந்தாலும் பதினைந்து இருந்தாலும், ரூபாய் குறியீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் செல்லும். 2018 ஜனவரி வரை வந்திருந்த 14 வடிவமைப்புகளும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. சேர்ப்பவருக்கு அது 140 ரூபாயில் ஒரு முழு வரிசை.

கறுத்துப்போன பழைய காசுகளைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

தேய்க்கவே தேய்க்காதீர்கள். தாமரை போட்ட பழைய 20 பைசா ஒன்றை நான் சிறுவயதில் புளி போட்டுத் தேய்த்தேன். பளிச்சென்று வந்தது, இதழ்களின் நுணுக்கமான கோடுகள் போய்விட்டன, இன்றும் அதைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. மண் ஒட்டியிருந்தால் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து, பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். பி.வி.சி. பிளாஸ்டிக் உறையிலும் வைக்காதீர்கள், நாளாக ஆகக் காசில் பச்சையாகப் பிசுபிசுப்பு ஏறும். காசைப் பிடிக்கும்போது இரண்டு விரலால் ஓரத்தை மட்டும் பிடியுங்கள்.