ஜூனில் வடக்கு ஒன்ராறியோ: பிக்கரல், பைக் மீன்கள் பிடிக்கப் போகிறவருக்கு

தம்பி, கனடா வந்து ஐந்து மாதம் ஆகிறது, ஜூனில் நண்பர்கள் மூவருடன் சட்பரிக்கு வடக்கே ஏரிக்கரை லொட்ஜ் ஒன்றில் ஒரு கிழமை தங்கப் போகிறீர்கள், ஊரில் கடலில் தூண்டில் போட்ட பழக்கம் இங்கே உதவுமா என்று கேட்டிருந்தீர்கள். உதவும். ஆனால் பாரமான ஈயமும் வெடுக்கென்ற இழுப்பும் இந்த ஏரிகளில் வேலை செய்யாது. இங்கே பாரமும் வேகமும் குறையக் குறையத்தான் மீன் வரும்.

முதலில் அனுமதிப்பத்திரத்தைப் பாருங்கள். 18 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்கு அவுட்டோர்ஸ் கார்டும் (மாகாண அரசு தரும் வேட்டை, மீன்பிடி அடையாள அட்டை) மீன்பிடி அனுமதியும் வேண்டும். ஒன்ராறியோவாசி என்ற கணக்கில் எடுக்க, விண்ணப்பிப்பதற்கு முந்திய 12 மாதத்தில் தொடர்ந்து ஆறு மாதமாவது இங்கே வசித்திருக்க வேண்டும். அது நிறையாவிட்டால் வெளிநாட்டவர் அனுமதிதான், விலையும் கூட. ஆகையால் ஆறு மாதம் முடிந்த பிறகே எடுங்கள். பயணத்தை இரண்டு கிழமை தள்ளிப் போட முடிந்தால் தள்ளுங்கள், கறுப்பு ஈயின் தொல்லையும் ஜூன் நடுப்பகுதிக்குப் பிறகு குறையத் தொடங்கும்.

அனுமதி இரண்டு வகை. ஸ்போர்ட் என்றால் வடக்கின் பல மீன்பிடி வலயங்களில் நாளுக்குப் பிக்கரல் 4, கொன்சர்வேஷன் என்றால் 2. கடையில் பிக்கரல் என்று விற்பதைத்தான் அமெரிக்கர்கள் வாலாய் என்கிறார்கள். அந்த நான்கில் 46 செ.மீ.க்கு மேற்பட்டது ஒன்றுதான் இருக்கலாம் என்பது பல வலயங்களின் விதி. சில ஏரிகளுக்குத் தனி விதியும் உண்டு. உங்கள் ஏரி எந்த வலயம், தனி விதி ஏதும் இருக்கிறதா என்று லொட்ஜ்காரரிடம் கேட்டு, அரசின் விதிமுறைச் சுருக்கத்திலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எம்மவர் அதிகம் பிழைவிடுவது எண்ணிக்கையில். நாளுக்கு நான்கு, நான்கு நாள், ஆகவே ஆளுக்குப் பதினாறு என்று கணக்குப் போடுவார்கள். அது குற்றம். குளிர்பெட்டியில் இருப்பதும் சேர்த்து எந்த நேரத்திலும் உங்கள் வசம் நான்குக்கு மேல் இருக்கக் கூடாது. மதியம் கரையில் பொரித்துச் சாப்பிட்ட மீனும் அன்றைய நான்கில் சேரும்.

பொருட்களுக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். ஆறரை அடி நீள மீடியம்-லைட் ஸ்பின்னிங் தடி, 6 அல்லது 8 இறாத்தல் தங்கூசி, ஜிக் தலைகள் (ஈயக் குண்டு சேர்ந்த கொக்கிகள்). மூன்று மீற்றர் ஆழம் வரை அரைக்கால் அவுன்ஸ் ஜிக் போதும். காற்று பலமாக இருந்தால், அல்லது அதைவிட ஆழம் என்றால், கால் அவுன்ஸ். அடியைத் தொட்டதைக் கை உணர வேண்டும், அந்த அளவுக்கு மேல் ஒரு துளி பாரமும் வேண்டாம். பாறை இடுக்கில் நிறைய ஜிக் போகும், ஆளுக்கு 25 ஆவது கொண்டு போங்கள். இரையை ரொறொன்ரோவிலிருந்து கொண்டு போகக் கூடாது. இரைக்கு இப்போது தனி வலயங்கள் உண்டு, அந்தந்த வலயத்துக்குள் வாங்கி, பற்றுச்சீட்டையும் வைத்திருக்க வேண்டும். ஜூனில் அட்டைதான் என் முதல் தேர்வு. அதன் பருத்த முனையில் இருக்கும் உறிஞ்சியில் கொக்கியைக் குத்தினால் மறுமுனை நீரில் நெளிந்துகொண்டே இருக்கும். தண்ணீரைத் தினமும் மாற்றி, குளிரில் வைத்தால் கிழமை முழுக்க உயிரோடு இருக்கும்.

இடம் தெரிவதுதான் பாதி வேலை. பிக்கரல் பனி உருகிய கையோடு, நீர் 6 முதல் 9 பாகை செல்சியஸ் இருக்கும்போது, ஆற்றுவாய்களிலும் கல் நிறைந்த கரைகளிலும் முட்டையிடும். ஜூன் தொடக்கத்தில் அங்கிருந்து மெல்ல விலகிக்கொண்டிருக்கும். ஆகவே ஏரிக்குள் விழும் ஆறுகளின் வாய், பரல் கரை, புதிதாக முளைக்கும் நீர்ச்செடிகளின் விளிம்பு, இவற்றில் இரண்டு முதல் நான்கு மீற்றர் வரை தேடுங்கள். மாத இறுதியில் நீருக்கடியில் உள்ள பாறைத் திட்டுகளுக்கு, இன்னும் ஆழத்துக்கு, இறங்கிவிடும். அதன் கண் மங்கல் வெளிச்சத்துக்கென்றே அமைந்தது, வெயில் ஏற ஏற ஆழம் தேடும். அதனால் விடியலும் மாலையும் மூடிய வானமும் நல்லவை. புதியவர்கள் போட் ஆடாத அமைதியான கரையைத் தேடிப் போவார்கள். நீங்கள் காற்று மோதும் கரைக்குப் போங்கள். அலை வெளிச்சத்தை உடைக்கிறது, சின்ன மீன்களையும் அந்தப் பக்கம் ஒதுக்குகிறது, பிக்கரல் அங்கேதான் இரை தேடும்.

ஜிக்கை நேரே இறக்கி, அடியைத் தொட்டதும் ஒரு சாண் தூக்கி, மெல்லத் தாழ விடுங்கள். தாழும்போதுதான் பெரும்பாலும் எடுக்கும். அது இழுப்பாக வராது. ஒரு சின்னத் தட்டு, அல்லது தங்கூசி இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காமல் தொய்ந்து நிற்கும், சில வேளை ஈரத்துணி சிக்கியதுபோல் ஒரு கனம் மட்டும் இருக்கும். அந்தக் கணம் தடி நுனியைச் சற்றுத் தாழ்த்தி, ஒரு நொடி கொடுத்து, பிறகு ஒரே சீராக உயர்த்துங்கள். கடலில் பாரைக்கு இழுப்பதுபோல் வெட்டி இழுத்தால் அட்டையின் பாதிதான் மிஞ்சும்.

பைக் என்ற கூர்ப்பல் மீனுக்கு வேறு தடி, வேறு நேரம். 30 இறாத்தல் பின்னல் நூல், அதன் முனையில் ஓர் அடி நீள உருக்குக் கம்பி. கம்பி இல்லாவிட்டால் அதன் பல் நூலை அறுத்துவிடும், கொக்கியும் மீனின் வாயிலேயே போய்விடும். சிவப்பு வெள்ளை ஸ்பூன் (கரண்டி வடிவ உலோகப் போலி இரை) ஒன்றே போதும், அது புரண்டு ஆடும் அளவுக்கு மெதுவாகச் சுற்றி, இடையிடையே நிறுத்துங்கள். ஜூனில் பைக் ஆழமில்லாத, செடி முளைக்கும் குடாக்களில் நிற்கும், உச்சி வெயிலில் அந்த நீர் சூடாகும்போது நன்றாக எடுக்கும். பிக்கரல் அடங்கும் நேரமும் அதுவே, ஆகவே பத்து மணி முதல் மூன்று மணி வரை பைக்குக்குக் கொடுங்கள். கொக்கி கழற்ற நீண்ட மூக்குக் குறடு கட்டாயம் வேண்டும், கொக்கியின் முள்ளையும் முதலே நசுக்கிவிடுங்கள். பைக்கைத் தூக்கும்போது செவுள் மூடிக்கு உட்புறம், சிவந்த செவுளைத் தொடாமல் விரலை விட்டு, மறு கையால் வயிற்றைத் தாங்குங்கள். பெரியதை அளந்துவிட்டு உடனே விடுங்கள். பெரிய மீனில் பாதரசமும் கூட. கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் சிறியதையே, அதையும் அளவோடு சாப்பிடுவது நல்லது, மாகாண அரசு ஏரிவாரியாக இதற்கு வழிகாட்டி வெளியிடுகிறது.

போட் ஓட்டுகிறவருக்கு இயக்குநர் கார்ட் வேண்டும், இல்லையென்றால் வாடகைக்கு எடுக்கும் இடத்தில் பாதுகாப்புப் பட்டியலை நிரப்பிக் கையெழுத்திட்டால் அந்த வாடகைக் காலத்துக்குச் செல்லும். உயிர்காப்பு அங்கியைச் சட்டத்துக்காகப் போட்டில் வைத்திராமல் உடம்பில் போடுங்கள். ஜூன் நீர் இன்னும் குளிர், நீந்தத் தெரிந்தவருக்கும் சில நிமிடத்தில் கை கால் இயங்காது. மதுவோடு போட் ஓட்டினால் கார் ஓட்டியதற்கு உள்ள அதே சட்டம்தான், சாரதி அனுமதியும் போகும். குறி வைக்காத பாறைகள் நிறைய, தெரியாத இடத்தில் மெதுவாகவே போங்கள். சட்பரியிலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலை 144 இல் பெற்றோல் நிலையம் அரிது, சட்பரியிலேயே நிரப்புங்கள், இருட்டிய பிறகு மூஸ் என்ற பெரிய மான் சாலையைக் கடக்கும். நுளம்புக்கு 30 வீதம் டீற் உள்ள மருந்தும், இலேசான நிற நீளக்கைச் சட்டையும் வேண்டும்.

கழுவுவது லொட்ஜின் மீன் வெட்டும் கொட்டிலில் மட்டும், கழிவைக் கரையில் போட்டால் கரடி வரும். பிக்கரல் துப்புரவாக வரும், ஆனால் முதுகுச் செட்டை முள்ளும் செவுள் மூடியின் விளிம்பும் கையைக் கிழிக்கும். பைக்கில்தான் சிக்கல். விலா எலும்புக்கு மேலே சதைக்குள் ஒரு வரிசை Y வடிவ முட்கள் உண்டு. தெரியாமல் குழம்பு வைத்தால் யாரும் சாப்பிட மாட்டார்கள். அந்த வரிசையின் இரு பக்கமும் கத்தியை இறக்கி முட்பட்டையைத் தனியாக எடுத்துவிடலாம். அல்லது சதைத் துண்டில் மூன்று மில்லிமீற்றர் இடைவெளியில் குறுக்குக் கீறல் போட்டு, கொதிக்கும் எண்ணெயில் பொரித்தால் முள் மொறுமொறுத்துவிடும். கட்லிஸுக்கு முள் எடுத்த சதை மிகவும் பொருத்தம், சதை உதிர்ந்து வரும்.

வீட்டுக்குக் கொண்டுவரும்போது ஒவ்வொரு துண்டிலும் தோலில் ஒரு சதுரம் விட்டு, எந்த மீன், எத்தனை என்று பிரித்துப் பார்க்கக்கூடியதாகப் பொதி செய்யுங்கள். எல்லாத் துண்டுகளையும் ஒரே கட்டியாக உறைய வைத்தால், சோதனை அதிகாரியால் எண்ண முடியாது. ஆளுக்கு ஒரு பை, அதன் மேல் பெயரும் எண்ணிக்கையும் எழுதிவிடுங்கள்.