டொமைன் டிசைனர் கையில், மெயில் நம்முடையது: என்ன செய்வது?

கேள்வி: திருப்பூரில் சின்ன பின்னலாடை யூனிட் வைத்திருக்கிறேன். வெப்சைட் செய்துகொடுத்த டிசைனர்தான் எங்கள் டாட் காம் பெயரையும், அதாவது டொமைனையும், வாங்கினார். அடுத்த மாதம் அது காலாவதி, ஆள் ஃபோனை எடுப்பதில்லை. பையர்களோடு பேசும் மெயில் முழுக்க அந்தப் பெயரில்தான். பெயர் போய்விடுமா?

பதில்: தேதி முடிந்த அன்றே போகாது, பதறாதீர்கள். அதற்கப்புறமும் சில வாரம், அதிகபட்சம் 45 நாள், புதுப்பிக்க விடுவார்கள். அதுவும் தாண்டினால் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, கட்டணம்தான் எக்கச்சக்கம். ஆனால் மெயில் அவ்வளவு நாள் தாங்காது, காலாவதியான சில நாளிலேயே நின்றுவிடலாம். அதனால் இன்று ராத்திரியே எல்லா மெயிலையும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இறக்கி வையுங்கள். பேங்க், ஜிஎஸ்டி என்று ஓடிபி வருகிற இடத்திலெல்லாம் வேறு மெயில் ஐடி கொடுத்துவிடுங்கள். மெயில் நின்றபிறகு அதை மாற்றப்போனால் அந்தச் செத்த ஐடிக்கே ஓடிபி அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அப்புறம் 'ஹூ இஸ்' தேடலில் பெயரைப் போட்டால் எந்தக் கம்பெனியில் பதிவு, எந்தத் தேதி வரை என்று தெரியும். காலாவதிக்கு ஒரு மாதம், ஒரு வாரம் முன்னால் நினைவூட்டல் மெயில் போகும், ஆனால் பதிவில் இருக்கிற ஐடிக்கு, அதாவது உங்கள் டிசைனருக்கு. பணம் கொடுத்தது நீங்கள்தான், ஆனால் பதிவில் யார் பெயரோ அவரைத்தான் கம்பெனி உரிமையாளராகப் பார்க்கும். பில்லைக் காட்டிப் புகார் கொடுத்தால் டிக்கெட் நம்பர் வரும், அவ்வளவுதான். போலீசுக்குப் போனால் 'சிவில் மேட்டர்' என்பார்கள். டொமைன் தகராறுக்குத் தனி நடுவர் முறை இருக்கிறது, ஆனால் டிரேட்மார்க் உரிமை கையில் வேண்டும், செலவும் மாதங்களும் ஆகும்.

ஆகவே சண்டை போடாதீர்கள். ஆளை நேரில் பிடித்து, பாக்கி இருந்தால் கொடுத்துவிட்டு வாங்குங்கள். வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் சுமாருக்கு வாங்கும் பெயருக்கு 'ஏஎம்சி', அதாவது வருஷப் பராமரிப்பு, என்று எட்டாயிரம், பத்தாயிரம் கறக்கிற ஆட்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள், பெயரைத் தங்கள் கணக்கில் வைத்திருப்பதே அதற்குத்தான். எங்கிருந்தோ 'உங்கள் டொமைன் முடிகிறது, உடனே கட்டுங்கள்' என்று மெயில் வந்தாலும் ஹூ இஸில் பார்த்த கம்பெனி அதுதானா என்று பார்க்காமல் கட்டாதீர்கள்.

ஆள் ஒத்துக்கொண்டால் வரிசை முக்கியம். முதலில் புதுப்பிக்கச் சொல்லுங்கள். அப்புறம் அதே கம்பெனியில் நீங்கள் ஒரு கணக்கு திறந்து, அதற்குள் பெயரைத் தள்ளிவிடச் சொல்லுங்கள். உரிமையாளர் பெயரை மாற்றிய கையோடு வேறு கம்பெனிக்குக் கொண்டுபோக நினைத்தால் பெரும்பாலும் 60 நாள் பூட்டு விழும். பூட்டு விழுந்தால் பெயர் எங்கும் போகாது, அதே கணக்கில்தான் இருக்கும், அந்தக் கணக்கு அவருடையதாக இருந்தால் நீங்கள் மறுபடி அவர் ஃபோனுக்குத்தான் காத்திருக்க வேண்டும். வேறு கம்பெனிக்கே போவதென்றால் உரிமையாளர் பெயரைத் தொடாமல், டொமைனுக்கு வழக்கமாகப் போட்டிருக்கும் டிரான்ஸ்பர் பூட்டை முதலில் எடுக்கச் சொல்லி, டிரான்ஸ்பர் கோடு வாங்கி மாற்றுங்கள், உரிமையாளர் விவரத்தை அங்கே போய்ச் சேர்ந்தபிறகு மாற்றிக்கொள்ளலாம்.

புதுக் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும், மேனேஜர் பெயரிலோ மச்சான் பெயரிலோ வேண்டாம். அதன் லாகின் மெயில் அந்த டொமைனிலேயே இருக்கக் கூடாது, தனியாக ஒரு ஜிமெயில் போடுங்கள், டொமைன் படுத்தால் பாஸ்வேர்டை மீட்கவாவது வழி இருக்கும்.