கட்டன்சாயா நிறத்தில் சிறுநீர்

கேள்வி: வயது 26. விடியுமுன் ரப்பர் பால்வெட்டு, மாலையில் ஜிம், வாரத்தில் ஏழு நாளும். ஒரு நாள் விட்டாலும் உடம்பு இறங்கிவிடுமோ என்று பயம். புரோட்டீன் பவுடர் கிட்னியைக் கெடுக்கும் என்று யூடியூபில் பார்த்தேன். முட்டி சொடக்குகிறது. போன வாரம் 200 ஸ்குவாட் போட்ட மறுநாள் தொடை வீங்கி, சிறுநீர் கட்டன்சாயா (பால் சேர்க்காத டீ) போலப் போனது. வலி மாத்திரை போட்டேன், சரியாகிவிட்டது.
– வாசகர், குலசேகரம்

பதில்: சரியானது வலிதான் தம்பி. கிட்னி எப்படி இருக்கிறது என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை. யூடியூபை மூடிவிட்டு நாளைக் காலையிலேயே ரத்தத்தில் கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம், சி.கே. (தசை உடைந்தால் ரத்தத்தில் ஏறும் என்சைம்), கூடவே சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். சி.கே. ஏறக்குறைய ஒன்றரை நாளுக்கு ஒருமுறை பாதியாக இறங்கும். ஒரு வாரம் கழித்து அது குறைவாக வந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. கிரியாட்டினினைக் கவனியுங்கள்.

பழகாத அளவுக்கு ஸ்குவாட் போட்டால் தசை இழைகள் கிழிந்து, உள்ளிருக்கும் மையோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் ரத்தத்தில் கலக்கிறது. கிட்னி அதை வடிகட்டும்போதுதான் அந்த நிறம். அதே நேரத்தில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் கிட்னிக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கின்றன. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கியதுதானே? இனி வேண்டாம். மறுபடி அந்த நிறம் வந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி, டிரிப் தேவைப்படலாம். இளநீர் குடித்துச் சமாளிக்காதீர்கள். உடைந்த தசையிலிருந்தே பொட்டாசியம் கொட்டும், இளநீரிலும் அது நிறைய. ரத்தத்தில் அது ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். கூடவே காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் இருந்தால் ஜிம்மைக் குறை சொல்லாமல் எலிக்காய்ச்சலுக்கும் பாருங்கள். மழைக்காலத்தில் ஈரத் தோட்டத்தில் நடப்பவர் நீங்கள்.

வலியோ வீக்கமோ இல்லாத முட்டிச் சொடக்கு ஒன்றுமில்லை. கிட்னி நன்றாக இருப்பவருக்கு அளவோடு எடுக்கும் புரோட்டீன் பவுடரும் பயமில்லை. ரிசல்ட் வரும்வரை மட்டும் நிறுத்துங்கள்.

ஒரு வாரம் சும்மா இருந்தால் தசை கரையாது. பயிற்சியில் கிழிந்ததை உடம்பு கட்டுவது அடுத்த ஒன்றிரண்டு நாளில். அதற்குள் அதே தசையை மறுபடி அடித்தால் கட்ட நேரமேது? கால் பயிற்சிக்குப் பின் குறைந்தது 48 மணி நேரம் காலை விடுங்கள். பால்வெட்டில் மரம் மரமாக நடந்து குனிவதும் உழைப்புதான், அதையும் கணக்கில் சேருங்கள். மூன்று மணிக்கு எழுபவர் எட்டு மணிக்காவது படுக்க வேண்டும். முடியாவிட்டால் மதியம் தூங்குங்கள்.

ரிசல்ட்டை டாக்டரிடம் காட்டி, அவர் சரியென்ற பிறகு ஜிம்முக்குப் போகலாம். எடையில்லாமல், பத்து ஸ்குவாட்டில் தொடங்குங்கள். அதற்கே சிறுநீர் கறுத்தால், பிறவியிலேயே தசையில் என்சைம் குறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.