எடைக்குறைப்பு ஆபரேஷனா, புது வேலையா: எதை முதலில் முடிப்பது?

கேள்வி: எனக்கு வயது 39. பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம், சொந்த ஊர் வாணியம்பாடி. தனியார் நிறுவனம் ஒன்றில் அக்கவுண்ட்ஸ் வேலை, கைக்கு 62,000 வருகிறது. கணவர் பீன்யாவில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர், சம்பளம் 38,000. மகள் பத்தாம் வகுப்பு. என் எடை 93 கிலோ, உயரம் 162 செ.மீ. ஆறு வருடமாகச் சர்க்கரை. மாத்திரை, இன்சுலின் இரண்டும் எடுத்தும் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி) 9-க்குக் கீழே இறங்கவில்லை. இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்யலாம் என்கிறார் டாக்டர். எஸ்டிமேட் 4.6 லட்சம். கம்பெனி குரூப் இன்சூரன்ஸ் 5 லட்சத்துக்கு இருக்கிறது. போன வருடம் நாங்களாகவும் ஒரு குடும்பப் பாலிசி எடுத்தோம். மகள் காலேஜுக்காக 3.2 லட்சம் எஃப்.டி. போட்டிருக்கிறோம். 5 லட்சம் சீட்டு ஒன்று பாதி கட்டியாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் வட்டியில்லா ஈ.எம்.ஐ.யும் தருகிறார்கள். எதிலிருந்து பணம் எடுப்பது? அதற்குப் பதில் எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொண்டால் செலவு குறையுமா? மாமியார் ஆபரேஷனே வேண்டாம், நடந்தால் போதும் என்கிறார். இதற்கு நடுவே 74,000 சம்பளத்தில் வேறு கம்பெனியில் ஆஃபர் வந்திருக்கிறது. நோட்டீஸ் 60 நாள்.

பதில்: சகோதரி, பணம் எங்கிருந்து எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது கடைசி வரியில் இருக்கும் அந்த ஆஃபர்தான். ராஜினாமாக் கடிதத்தை இப்போது கொடுத்துவிடாதீர்கள். இந்த ஆபரேஷனுக்கு உங்களிடம் இருக்கும் பெரிய பணம் எஃப்.டி.யோ சீட்டோ அல்ல, கம்பெனி இன்சூரன்ஸ். வேலையை விட்ட அன்றே அது கையை விட்டுப் போய்விடும்.

நீங்களாக எடுத்த பாலிசி இப்போது உதவுவது சந்தேகம். பாலிசி எடுக்கும்போதே இருந்த நோய்க்கு 36 மாதம் வரை பணம் தராமல் காத்திருப்புக் காலம் வைக்க விதி அனுமதிக்கிறது. உங்களுக்கோ ஆறு வருடச் சர்க்கரை. புரபோசல் படிவத்தில் அதைச் சொன்னீர்களா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். ஏஜென்ட் அவசரத்தில் ‘இல்லை’ என்று டிக் செய்திருந்தால் இப்போதே எழுதித் திருத்தச் சொல்லுங்கள். பிரீமியம் ஏறினாலும் பரவாயில்லை. அந்தப் பாலிசி பின்னாளில் உங்களுக்குக் கட்டாயம் தேவைப்படும். குரூப் பாலிசிகளில் பெரும்பாலும் இந்தக் காத்திருப்பு கிடையாது. அதனால்தான் அதை முதலில் வைக்கச் சொல்கிறேன்.

டாக்டர் ‘செய்யலாம்’ என்றதும் இன்சூரன்ஸும் பணம் கொடுத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். இரண்டுக்கும் அளவுகோல் வேறு. எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை நிபுணர்களின் சர்வதேச அமைப்புகள் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆசியர்களுக்குப் பிஎம்ஐ (எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண்) 27.5-ஐத் தொட்டாலே இந்தச் சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்கிறது. நம் ஊர் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொது வாசகமோ கறாரானது. வயது 18 ஆகியிருக்க வேண்டும், டாக்டர் பரிந்துரைத்திருக்க வேண்டும், பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 40-ஐத் தொடாமல் 35 அல்லது அதற்கு மேல் இருந்தால், எடையால் வந்த இதயத் தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், தூக்கத்தில் மூச்சு தடைபடும் கடுமையான ஸ்லீப் ஆப்னியா, கட்டுக்குள் வராத டைப் 2 சர்க்கரை இவற்றில் ஒன்றாவது சேர்ந்திருக்க வேண்டும். உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி போன்ற சாதாரண வழிகளைச் செய்து பார்த்தும் எடை குறையவில்லை என்பதும் தெரிய வேண்டும்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 93 கிலோ, 162 செ.மீ. என்றால் பிஎம்ஐ 35.4. கோட்டுக்கு மேலேதான் இருக்கிறீர்கள், ஆனால் மயிரிழையில். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன் கல்லீரலைச் சுருக்குவதற்காக இரண்டு வாரம் கலோரி குறைந்த டயட் கொடுப்பார்கள். அதில் மூன்று கிலோ இறங்கினால் 90 கிலோ, பிஎம்ஐ 34.3. அட்மிஷன் ஷீட்டில் அந்த எண் மட்டும் ஏறினால், க்ளைம் பார்ப்பவர் ‘35-க்குக் கீழே’ என்று எழுதித் திருப்பி அனுப்ப ஒரு காரணம் கிடைத்துவிடும். ஆகவே டயட் தொடங்கும் முன் ஆஸ்பத்திரியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உயரமும் எடையும் அளந்து, தேதியோடு டாக்டர் கையெழுத்துப் போட்ட தாளை வாங்குங்கள். டயட்டால்தான் எடை இறங்கியது என்பதையும் டாக்டர் தன் குறிப்பில் எழுதட்டும். எண்ணைக் கூட்டி எழுதச் சொல்ல வேண்டாம், உள்ளதே உங்களுக்குப் போதும்.

அதோடு கடந்த ஒன்றிரண்டு வருட ஹெச்பிஏ1சி ரிப்போர்ட்டுகள், இன்சுலின் சீட்டுகள், டயட்டீஷியன் எழுதிக் கொடுத்தவை, ஜிம்முக்குக் கட்டிய ரசீது இருந்தால் அதுவும், எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். மாமியார் சொல்லும் நடையை நீங்கள் நடந்து பார்த்ததற்கு இந்தக் காகிதங்கள்தான் சாட்சி. வீட்டிலும் அந்த ஃபைலைக் காட்டிப் பேசிப் பாருங்கள். அவர் பயம் நியாயமானது, இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கும் ஆபரேஷன் இது. டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவரையும் ஒருமுறை கூட்டிப் போங்கள். செய்வதா வேண்டாமா என்பதை டாக்டரோடு நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் மட்டும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அடுத்து ஹெச்.ஆரிடம் குரூப் பாலிசியின் முழு வாசகத்தைக் கேளுங்கள். கையில் இருக்கும் ஈ-கார்டு போதாது. குரூப் பாலிசியில் கம்பெனி பேசி வைத்த ஒப்பந்தம்தான் கடைசி வார்த்தை. சிலவற்றில் பேரியாட்ரிக் எனப்படும் எடைக்குறைப்பு ஆபரேஷனையே விலக்கியிருப்பார்கள், சிலவற்றில் தனி உச்சவரம்பு இருக்கும். ரோபோ மூலம் செய்யலாம் என்று ஆஸ்பத்திரி சொன்னால் உஷாராகுங்கள். நவீன சிகிச்சைகளின் பட்டியலில் ரோபோ சர்ஜரியும் இருப்பதால் அதற்குத் தனி வரம்பு வைத்திருக்கலாம்.

அறை வாடகையையும் பாருங்கள். 5 லட்சத்தில் ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 5,000 என்று வரம்பு இருந்து, நீங்கள் 9,000 ரூபாய் அறையில் படுத்தால் 4,000 மட்டும் கைக்காசு என்று நினைத்துவிடக் கூடாது. சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர் கட்டணங்களும் அதே விகிதத்தில் வெட்டுப்படும். அந்த வகையில் 1.8 லட்சம் பில் வந்தால் 1 லட்சம்தான் கிடைக்கும். 80,000 உங்கள் தலையில் விழும். ஆஸ்பத்திரியில் இருக்கப்போவது பெரும்பாலும் இரண்டு மூன்று நாள். அதற்காக 80,000 கொடுக்க வேண்டாம், வரம்புக்குள் வரும் அறையைக் கேளுங்கள்.

எஸ்டிமேட்டில், இரைப்பையை வெட்டி மூடும் கருவியில் போடும் ஸ்டேப்லர் கார்ட்ரிட்ஜ் எத்தனை சேர்த்திருக்கிறார்கள் என்றும் கேட்டு எழுதி வாங்குங்கள். இந்த ஆபரேஷனில் விலை கூடிய பொருள் அது. கூடுதலாக ஒன்று போட்டால் யார் தருவது என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும்.

இப்போது வேலைக் கணக்கு. புது வேலையில் மாதம் 12,000 அதிகம். மூன்று மாதம் தள்ளிப் போட்டால் 36,000 நஷ்டம். அவசரப்பட்டுப் போனால், புது கம்பெனி பாலிசியில் பேரியாட்ரிக் இல்லாவிட்டால், 4.6 லட்சமும் உங்கள் கையிலிருந்து. என் யோசனை இது: ஆஸ்பத்திரிக்கு இன்சூரன்ஸே நேரடியாகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் முறைக்கு முன் அனுமதி வந்ததும் ஆபரேஷனை முடியுங்கள். மேஜை வேலைக்கு இரண்டு மூன்று வாரத்தில் திரும்பிவிடலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். உங்கள் டாக்டர் சொல்லும் நாளே கணக்கு. திரும்பி வந்த பிறகு ராஜினாமாக் கொடுங்கள். பல பாலிசிகள் டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள் வரை மருந்து, டெஸ்ட் செலவைக் கொடுக்கும். உங்கள் நோட்டீஸும் 60 நாள்தான். ஏதாவது சிக்கல் வந்து மறுபடி அட்மிட் ஆக நேர்ந்தாலும் அந்தக் காலம் முழுக்க காப்பீட்டுக்குள் இருப்பீர்கள். புது கம்பெனியிடம் சேரும் தேதியைத் தள்ளிக் கேளுங்கள். மருத்துவ விவரமெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் நான் ஆஃபரைத்தான் விடச் சொல்வேன்.

வேலையை விடும் முன், குரூப் பாலிசியிலிருந்து அதே இன்சூரன்ஸ் நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாற முடியுமா என்று அந்த நிறுவனத்திடமே கேளுங்கள். மாறினால் இதுவரை ஓடிய காலம் காத்திருப்புக் கணக்கில் கழியும்.

சரி, கைக்காசுக்கு வருவோம். கேஷ்லெஸ் கிடைத்தாலும் 40,000, 50,000 உங்கள் கையிலிருந்து போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக எஃப்.டி.யை உடைக்க வேண்டாம். அதே வங்கியில் எஃப்.டி. மேல் கடன் வாங்குங்கள். பெரும்பாலும் எஃப்.டி. வட்டியை விட ஒன்றிரண்டு சதவீதம்தான் கூட இருக்கும், டெபாசிட்டும் மகள் காலேஜுக்கு அப்படியே ஓடும். சீட்டைத் தள்ளி எடுப்பதை நான் விரும்பவில்லை. 5 லட்சத்தில் கால் பங்கு தள்ளினால் 1.25 லட்சம் போய் 3.75 லட்சம்தான் வரும், மீதித் தவணையும் கட்டியாக வேண்டும். வட்டியில்லா ஈ.எம்.ஐ. என்றால் ரொக்கமாகக் கட்டுபவருக்கு என்ன விலை, பிராசஸிங் கட்டணம் எவ்வளவு என்று இரண்டு கேள்வி கேளுங்கள். வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

ஊசியைப் பற்றி. மௌன்ஜாரோ என்ற ஊசி 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது 5 மி.கி. மருந்துக்குப்பி ஒன்று 4,375 ரூபாய், வாரம் ஒன்று. மாதம் 17,500, வருடம் 2 லட்சத்துக்கு மேல். இதே போன்ற இன்னொரு ஊசியான செமாக்ளுடைட் மருந்துக்கு இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான் என்பதால் அந்தப் பக்கம் விலை இறங்க வழி உண்டு. ஆனால் ஊசியை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு எடை திரும்ப ஏறுகிறது. ஆஸ்பத்திரியில் சேராமல் வெளிநோயாளியாக எடுக்கும் மருந்துக்கு சாதாரண பாலிசி பணமும் தராது. ஆக, மலிவு என்று நினைத்து ஊசிக்குப் போக வேண்டாம். மருத்துவ ரீதியாக அதுதான் பொருத்தம் என்று டாக்டர் சொன்னால் அது வேறு விஷயம்.

ஆபரேஷனுக்குப் பிந்தைய செலவை யாரும் எஸ்டிமேட்டில் எழுதித் தருவதில்லை. முதல் இரண்டு வாரம் தெளிந்த சூப், மோர், புரோட்டீன் பானம் என்று திரவமாகவே போகும். அப்புறம் மசித்தது, பிறகு மெதுவாகக் கெட்டி உணவு. ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரோட்டீன் சேர வேண்டும். இட்லியும் ரசம் சாதமும் அதைத் தராது என்பதால் புரோட்டீன் பவுடர் வாங்க வேண்டியிருக்கும். பி12, இரும்பு, கால்சியம், டி வைட்டமின் மாத்திரைகள் ஆயுள் முழுக்க. மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களில் ரத்தப் பரிசோதனை, பிறகு வருடா வருடம். இதற்கெல்லாம் முதல் வருடத்துக்கு மாதம் 4,000 என்று என் கணக்கில் ஒதுக்கச் சொல்வேன். சர்க்கரை இறங்கினால் இன்சுலின் செலவு குறையும், அதில் ஒரு பகுதி ஈடாகும். ஆனால் மருந்தைக் குறைப்பது டாக்டர் கையில் இருக்கட்டும். செலவு என்று வைட்டமினை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அங்கே மிச்சம் பிடித்தால் ரத்தசோகை, நரம்புப் பாதிப்பு என்று வந்து நிற்கும்.

துணிமணிக்கும் ஒரு தொகை வையுங்கள். ஆறு மாதத்துக்குள் ரவிக்கை, சுடிதார் எதுவும் நிற்காது. மொத்தமாகப் புதிது எடுக்காமல், எடை ஒரு நிலைக்கு வரும்வரை பிடித்துத் தைத்து ஓட்டுங்கள். தொங்கும் தோலைச் சரிசெய்யும் ஆபரேஷனை அழகுக்கானது என்று இன்சூரன்ஸ் ஒதுக்கிவிடும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் ஒரு மாதத்துக்காவது 20 லிட்டர் தண்ணீர் கேனை நீங்கள் தூக்கக் கூடாது. சமையலுக்கு இரண்டு மூன்று வாரம் ஆள் வைக்க நேர்ந்தால் அதுவும் இதே கணக்கில் சேரட்டும்.

அட்மிட் ஆகும் முன் கணவரிடம் பாலிசி எண், டி.பி.ஏ. (இன்சூரன்ஸுக்காக க்ளைம் வேலையைப் பார்க்கும் நிறுவனம்) தொலைபேசி எண், எந்தக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அக்கவுண்ட்ஸ் வேலை பார்ப்பவர் வீட்டில் எல்லாக் கணக்கும் அவர் தலைக்குள்ளேயே இருக்கும்.

முன் அனுமதி மறுக்கப்பட்டால் கோபத்தில் கைக்காசைக் கட்டிப் படுத்துவிடாதீர்கள். மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். டாக்டரின் விளக்கக் கடிதத்தோடு முதலில் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. பெங்களூரு அலுவலகம் ஜே.பி. நகரில் இருக்கிறது. அதுவரை வேலையும் பாலிசியும் உங்கள் கையில் இருக்க வேண்டும், நோட்டீஸ் கொடுப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.