மேரியின் முத்துமாலை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் சொல்லித்தான் சாப்ளின் இயக்கிய ‘எ உமன் ஆஃப் பாரிஸ்’ பார்த்தேன். நாயகி மேரி வசதிக்காகத்தானே பணக்காரன் பியருடன் இருக்கிறாள்? அவன் ஒரு பணக்காரியை மணக்கப்போவது தெரிந்தும் விலகவில்லை. பழைய காதலன் ழான் வந்ததும் கல்யாணம், குடும்பம் என்கிறாள். அவள்மேல் எனக்கு இரக்கமே வரவில்லை. பியரைத்தான் பிடித்திருந்தது. படத்தைத் தவறாகப் பார்த்துவிட்டேனா?

க.

அன்புள்ள க.,

பியரைப் பிடிக்காமல் எப்படி? அவனாக நடித்த அடால்ஃப் மெஞ்சு யாரையும் மிரட்டுவதில்லை, பல்லைக் கடிப்பதில்லை. கல்யாணம் அவனுக்குச் சொத்தோடு சொத்து சேரும் விவகாரம். மேரி அதில் வரமாட்டாள் என்பதை அவன் மறைக்கவும் இல்லை. 1923-இல் ஒரு மெலோடிராமா வில்லனை இவ்வளவு இயல்பாகக் காட்டியது பெரிய விஷயம்.

ஆனால் முத்துமாலைக் காட்சியை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். வீடு வேண்டும், குழந்தைகள் வேண்டும் என்கிறாள் மேரி. பியர் கழுத்து மாலையைக் காட்டிக் கிண்டல் செய்ய, அதைப் பிடுங்கி ஜன்னல் வழியே தெருவில் எறிகிறாள். கீழே ஒரு பரதேசி அதை எடுத்துக்கொண்டு நடக்கிறான். உடனே படியிறங்கி ஓடிப்போய்ப் பிடுங்கி வருகிறாள்! பியர் சிரிக்கிறான். நாமும்தான். மாலை போனால் பியர் இன்னொன்று வாங்குவான். மேரியோ ஊரில் வீட்டுக் கதவைச் சாத்தி வெளியே நிறுத்தப்பட்டவள். ரோஷம் காட்டவும் கையில் காசு வேண்டியிருக்கிறது. வசதிக்காக இருக்கிறாள் என்கிறீர்கள், சரி, வேறு எங்கே போவாள்?

எனக்கு எரிச்சலூட்டுபவன் ழான். ஓவியம் வரையக் கேட்கிறாள். இப்போதைய மேரியை விட்டுவிட்டு, ஊரைவிட்டுக் கிளம்பிய இரவின் பழைய உடையில் அவளை வரைகிறான். மணக்கக் கேட்டுவிட்டு, அம்மா முகம் சுளித்ததும் ஏதோ பலவீனத்தில் கேட்டுவிட்டதாகப் பின்வாங்குகிறான். அது அவள் காதிலேயே விழுகிறது. பியராவது தர முடியாததைத் தருவதாகச் சொல்லவில்லை.

முடிவு எனக்கும் ஒட்டவில்லை. ழான் தற்கொலை செய்துகொள்ள, மேரி கிராமத்தில் அநாதைக் குழந்தைகளை வளர்க்கப் போவதெல்லாம் அந்தக் காலத்து ரசிகருக்குக் கட்டிய கப்பம். அப்படியும் படம் ஓடவில்லை. தான் இதில் நடிக்கவில்லை என்று படத்தின் தொடக்க எழுத்து அட்டையிலேயே சாப்ளின் சொல்லியிருந்தும், ஜனங்கள் அவரைத்தான் எதிர்பார்த்தார்கள்.

உண்மையில் ஒரு நொடி வருகிறார். ரயில் நிலையத்தில் பெட்டி சுமக்கும் கூலி அவர்தான். கவனித்தீர்களா?