ரோபோவா கையா? அதுக்கு முன்னாடி அம்மாவோட முதுகு ஸ்க்ரூவ பார்ப்போம்

கேள்வி: டாக்டர், அம்மாவுக்கு 63 வயசு. வலது இடுப்பு மூட்டு தேஞ்சு போச்சு, மாத்தியே ஆகணும்னு சொல்லிட்டாங்க. ஒரு ஆஸ்பத்திரில ரோபோ வச்சு பண்ணாத்தான் கப் சரியா உக்காரும், இல்லன்னா பின்னாடி மூட்டு கழண்டுக்கும்ங்கிறாங்க, செலவு ஒன்றரை லட்சம் அதிகம். இன்னொரு டாக்டர் 20 வருஷமா கையாலதான் பண்றேன், ஒண்ணும் ஆனதில்லங்கிறார். யார் பேச்ச கேக்கிறது? நாலு வருஷம் முன்னாடி அம்மாவுக்கு முதுகுல ஸ்க்ரூ வச்சு ஆபரேஷன் நடந்திருக்கு, இத சொல்லணுமான்னு தெரியல. (வாசகர், திருச்சி)

பதில்: சொல்லணுமான்னு தெரியலன்னு கடைசில போட்டீங்களே, எனக்கு அந்த வரிதான் முக்கியம். அதுக்கு வர்றேன், முதல்ல ரோபோ கதைய முடிச்சிடலாம்.

இடுப்பெலும்புல இருக்கிற குழிய ரீமர்னு ஒரு கருவியால சுரண்டுவோம், பாக்கிறதுக்கு பாதி உருண்டையா தேங்கா துருவி மாதிரி இருக்கும், சைஸ கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டே போயி எலும்புல லேசா ரத்தம் கசியிற வரைக்கும் சுரண்டிட்டு, புது மூட்டோட குழியா உக்கார்ற உலோக கப்ப ஒரு நீளக் கம்பி நுனில மாட்டி சுத்தியலால அடிச்சு இறக்குவோம். டொக் டொக்னு இருக்கிற சத்தம் கப் அடியில போய் உக்காந்ததும் கணீர்னு மாறும். அடிக்கும்போது அந்த கம்பிய எந்த சாய்வுல புடிக்கிறோம்ங்கிறதுலதான் எல்லாம் இருக்கு. பக்கவாட்டுல 40 டிகிரி, முன்பக்கமா 15 டிகிரி, ரெண்டுலயும் 10 கூடலாம் குறையலாம்னு 1978ல லெவினெக்குங்கிற டாக்டர் குழு எழுதினது, இன்னிக்கும் பலரும் அதத்தான் சொல்றாங்க.

கம்பியோட கைப்பிடில ஒரு குச்சி நீட்டிக்கிட்டு இருக்கும். அது தரைக்கும் நோயாளி உடம்புக்கும் ஒத்து வந்தா கோணம் சரின்னு அர்த்தம், கொத்தனார் ரசமட்டம் வச்சு பாக்கிற மாதிரிதான். ஆனா சுவர் நகராது, நோயாளியோட இடுப்பு நகரும்! ஒருக்களிச்சு படுக்க வச்சு மேல துணி மூடியிருக்கும், உதவிக்கு நிக்கிறவர் காலை இழுக்கும்போது உள்ள இடுப்பு லேசா உருண்டுடும், வெளிய தெரியாது. நான் பிஜி படிக்கிறப்போ சதைய விலக்கி புடிச்சுக்கிட்டு நின்ன ஒரு கேஸ்ல குச்சி நூல் புடிச்ச மாதிரி நின்னுச்சு, சாயந்தரம் எக்ஸ்ரே பாத்தா கப் நாங்க நெனச்சத விட நல்லாவே செங்குத்தா இருக்கு. குச்சி பொய் சொல்லல, அது தரைய வச்சு அளந்துச்சு அவ்ளோதான்.

ரோபோ, நேவிகேஷன் (ரோபோ கை இல்லாம கம்ப்யூட்டர் மட்டும் வழி காட்டுறது) எல்லாம் இந்த இடத்துலதான் உதவும். எலும்புல ரெண்டு மூணு பின் குத்தி அதுல அடையாளக் கருவி மாட்டிடுவாங்க, கேமரா அத பாத்துக்கிட்டே இருக்கும், இடுப்பு உருண்டா கணக்கும் கூடவே மாறும். மேகோ மாதிரி ரோபோன்னா முன்னாடியே சிடி ஸ்கேன் எடுத்து திட்டம் போட்டுட்டு, ரீமர் அந்த எல்லைய தாண்டாம ரோபோவோட கை இறுக்கி புடிச்சுக்கும். கப் நெனச்ச கோணத்துல உக்கார்றது இதுல அதிகம், அதுல சந்தேகம் இல்ல. ஆனா அந்தக் கோணத்த முடிவு பண்றது டாக்டர்தான். நடுவுல அந்த பின் ஆடிடுச்சுன்னா அப்புறம் வர்ற கணக்கெல்லாம் தப்பு. (சில ரோபோ முழங்காலுக்கு மட்டும்தான், அதையும் கேட்டுக்கோங்க.) கையால பண்றவரும் கண்ண மூடிக்கிட்டு பண்றதில்ல, குழி அடில குறுக்க ஓடுற தசைநார பாத்து கப்ப வைப்பாங்க, டம்மி மூட்டு போட்டு காலை மடக்கி திருப்பி பாப்பாங்க, சிலர் டேபிள்லயே எக்ஸ்ரேயும் எடுப்பாங்க. ரோபோ இல்லன்னா கழண்டுக்கும்னு சொல்றது வியாபாரப் பேச்சு.

இப்ப முதுகுக்கு வருவோம். நாம நிக்கிறதுலேர்ந்து உக்காரும்போது இடுப்பு சும்மா இருக்காது, பின்பக்கமா சுமார் 20 டிகிரி சாயும், அதோட கப்போட வாயும் முன்னாடி திறந்து தொடை மடங்க இடம் குடுக்கும். முதுகுல ஸ்க்ரூ போட்டு எலும்ப ஒட்ட வச்சவங்களுக்கு இந்த சாய்வு குறைஞ்சுடும். அவங்க தாழ்வான சோபால உக்காந்தா தொடை எலும்புல வச்ச உலோகத் தண்டோட கழுத்து கப்போட முன் விளிம்புல முட்டி, அதோட நுனில கப்புக்குள்ள சுழல்ற பந்த நெம்புகோல் மாதிரி பின்னாடி தள்ளி விட்டுடும். 2016ல வந்த ஒரு ஆய்வுல கழண்டுபோன மூட்டுகள்ல பாதிக்கு மேல அந்த 40, 15 எல்லைக்குள்ளதான் இருந்துச்சு. அதனால உங்க அம்மாவுக்கு பொதுக் கணக்குல 40, 15ன்னு வச்சா, ரோபோ எவ்ளோ துல்லியமா வச்சாலும் போதாம போகலாம்.

ரெண்டு டாக்டர் கிட்டயும் ஒரே கேள்வி கேளுங்க: நின்னுக்கிட்டும் உக்காந்துக்கிட்டும் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுப்பீங்களா? அதுல இடுப்பு எவ்ளோ சாயுதுன்னு தெரிஞ்சாதான் கப்ப இன்னும் கொஞ்சம் முன்பக்கமா திருப்பணுமா, இல்ல பந்துக்குள்ள பந்து சுழல்ற டூயல் மொபிலிட்டி மூட்டு போடணுமான்னு முடிவு பண்ண முடியும். யாரு முதுகப் பத்தி தானா விசாரிச்சு இந்த எக்ஸ்ரே கேக்கிறாரோ அவர்கிட்ட போங்க, அவர்கிட்ட ரோபோ இருந்தா சரி, இல்லன்னாலும் சரி. போறப்ப பழைய முதுகு ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரிய மறக்காம எடுத்துக்கிட்டு போங்க, ஸ்க்ரூ எந்த எலும்புலேர்ந்து எது வரைக்கும்னு அதுல இருக்கும், கீழ திரிகம் (முதுகெலும்போட அடில, இடுப்பெலும்போட சேர்ற எலும்பு) வரைக்கும் போயிருந்தா கழண்டுக்கிற ரிஸ்க் இன்னும் அதிகம்.